விண்டோஸ் 11-இல் பழைய ஜப்பானிய விளையாட்டை இயக்குவது எப்படி?

கேள்வி: 1999-இல் வெளிவந்த ஜப்பானிய கணினி விளையாட்டு ஒன்றின் சிடி கிடைத்தது. விண்டோஸ் 11 மடிக்கணினியில் செட்டப் கோப்பைச் சொடுக்கினால், இந்தக் கணினியில் இயங்காது என்ற செய்தி வருகிறது. கோப்புகளை நேரடியாக நகலெடுத்துத் திறந்தால் விளையாட்டு தொடங்குகிறது. ஆனால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன, பின்னணி இசையும் இல்லை. பழைய கணினி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மூன்று கோளாறுகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருப்பதால் தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும். எழுத்துச் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்து ஜப்பானிய மென்பொருள்கள் பெரும்பாலும் யூனிகோடில் அல்லாமல் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியேற்றத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) எழுதப்பட்டவை. விண்டோஸில் அதற்குரிய கோட்பேஜ் (எந்தப் பைட்டு எந்த எழுத்து என்று காட்டும் அட்டவணை) எண் 932. உங்கள் கணினி வேறொரு கோட்பேஜைக் கொண்டு அந்தப் பைட்டுகளைப் படிப்பதால் எழுத்து சிதைகிறது. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ஆனால் இங்கே பாதிப்பு திரையோடு நிற்பதில்லை. ஷிஃப்ட்-ஜிஸ்ஸில் 'ஸோ' என்ற ஜப்பானிய (கட்டகானா) எழுத்தின் இரண்டாவது பைட்டும், கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்கோட்டின் (\) பைட்டும் ஒன்றே. ஆகவே அந்த எழுத்து இடம்பெறும் கோப்புப் பெயரைத் தவறான கோட்பேஜில் படிக்கும் கணினி, பெயரை நடுவில் வெட்டி, முன்பாதியை ஒரு கோப்புறை என்று எண்ணித் தேடுகிறது. கோப்பு கிடைக்காததால் சில விளையாட்டுகள் எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொள்கின்றன.

கண்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' பகுதியைத் திறந்து, 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' தாவலில் 'சேஞ்ச் சிஸ்டம் லோகேல்' என்பதைச் சொடுக்கி, ஜப்பானிய மொழியைத் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதே சாளரத்தில் யூடிஎஃப்-8 (யூனிகோடின் ஒரு வடிவம்) பற்றிய பீட்டா தேர்வுப்பெட்டி இருக்கும்; அதில் குறி இருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மொழியை மாற்றியும் பயனில்லை. விண்டோஸின் சொந்தப் பட்டியல்கள் ஜப்பானியத்துக்கு மாறிவிடாது. சில இடங்களில் பின்சாய்கோட்டுக்குப் பதிலாக யென் குறி தெரிவதும் இயல்பே. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் மென்பொருள் எதையேனும் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இம்மாற்றம் அதைக் குழப்பக்கூடும். அந்நிலையில் குறிப்பிட்ட ஒரு செயலியை மட்டும் ஜப்பானிய அமைப்பில் இயக்கும் 'லோகேல் எமுலேட்டர்' என்ற இலவச மென்பொருளே பொருத்தமானது. அமைப்பை மாற்றிய பிறகு கோப்புகளை மறுபடியும் நகலெடுங்கள், ஏனெனில் பெயர் சிதைந்து நகலானவை தாமாகச் சரியாவதில்லை. நகலை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் வைக்காதீர்கள். அங்கே எழுதும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் சேமித்த ஆட்டங்கள் வேறிடத்துக்குத் திருப்பிவிடப்படும்.

செட்டப் மறுப்பதற்குக் காரணம், அது பெரும்பாலும் பழைய வகையான 16-பிட் நிரலாக இருப்பதுதான். 64-பிட் விண்டோஸ் அத்தகைய நிரலை இயக்காது, விண்டோஸ் 11-இலோ 32-பிட் பதிப்பே கிடையாது. நகலெடுத்த விளையாட்டு திறக்கிறது என்பதால் அது 32-பிட் நிரல் என்பது தெளிவு. எனவே செட்டப் இல்லாமலே சமாளித்துவிடலாம். விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் பதிவு இல்லை என்று விளையாட்டு அடம்பிடித்தால் மட்டும் 16-பிட் நிரல்களை 64-பிட் விண்டோஸில் இயக்கும் 'வைன்விடிஎம்' மென்பொருள் மூலம் செட்டப்பை இயக்குங்கள்.

இசை விஷயத்தில்தான் பலர் வீணாக ஒலி டிரைவரைக் குறை சொல்கிறார்கள். அந்நாளைய விளையாட்டுகள் பலவற்றில் முதல் தடத்தில் நிரலும், இரண்டாம் தடம் முதல் சாதாரண பாட்டு சிடியைப் போலவே இசையும் பதிவாகியிருக்கும். கோப்புகளை நகலெடுக்கும்போது அந்த ஒலித்தடங்கள் வருவதில்லை. சிடியை மீடியா பிளேயரில் போட்டுப் பாருங்கள். பாடல்கள் ஒலித்தால் காரணம் இதுதான். சிடியை டிரைவில் வைத்தபடியே விளையாடுங்கள். சிடியைப் பிம்பமாக (கோப்பு வடிவிலான முழு நகலாக) மாற்ற விரும்பினால் ஐஎஸ்ஓ வடிவம் உதவாது, அதில் ஒலித்தடங்களுக்கு இடமில்லை; 'பின்' (.bin), 'க்யூ' (.cue) என்ற இரட்டைக் கோப்புகளாக எடுத்து, அவற்றை ஏற்கும் மெய்நிகர் டிரைவில் பொருத்த வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் நிறங்கள் மட்டும் தாறுமாறாகத் தெரிந்தால், அது 256 நிறங்களில் படம் காட்ட விளையாட்டு பயன்படுத்தும் டைரக்ட்டிரா என்ற விண்டோஸ் பகுதியின் சிக்கல். அதற்கு மாற்றான 'சிஎன்சி-டிடிரா' மென்பொருள் தரும் கோப்புகளை விளையாட்டின் கோப்புறையில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இனி சிடி வாங்கும்போது உறையில் பிசி-9801 என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது என்இசி நிறுவனத்தின் தனி வகைக் கணினிக்கானது. மேற்சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது, 'நெக்கோ புராஜெக்ட் 2' அல்லது 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' போன்ற, அந்தக் கணினியைப் போலவே செயல்படும் எமுலேட்டர் மென்பொருள் வேண்டும்.