மன அழுத்தத்தால் ஈறு கெடுமா?

கேள்வி: சில மாதங்களாக வேலையில் கடும் நெருக்கடி. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அழுத்தம் மட்டுமே ஈறு நோயைத் தராது. பல்லோரம் படியும் கிருமிப் படலம்தான் அடிப்படைக் காரணம். நீண்டநாள் அழுத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பு மாறி, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தடுமாறுகிறது. கூடவே தூக்கம் கெடும், புகைப்பழக்கம் கூடும், இரவில் துலக்காமலே படுத்துவிடுவோம். என் கணிப்பில் இந்த அலட்சியமே பெரிய சேதம் செய்கிறது.

ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். படலம் சேர்ந்து வீக்கம் அதிகமாகும். மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், 2 நிமிடம், தினம் இருமுறை துலக்குங்கள். பல்லிடுக்குகளை இடைப்பல் பிரஷால் தினம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

இரண்டு வாரத்தில் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடுக்கின்) ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை இயல்பு, அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். படலம் இறுகிக் காரையாகிவிட்டால், அதை மருத்துவர் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் எடுக்கும், பிரஷ் எடுக்காது. ரத்தச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள், அது கூடினாலும் ஈறு கெடும்.

கடும் வலி, துர்நாற்றம், ஈறு நுனியில் சாம்பல் நிறப் புண் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அழுத்தத்தில் இருப்பவர்களைத் திடீரெனத் தாக்கும் ஈறு அழுகல் நோயாக இருக்கலாம்.