இத்தாலி கிராமப்புறத்தில் சாப்பாடு, ஒயின் என்று ஒரு வாரம் சுற்ற எப்படித் திட்டமிடுவது?

கணவன் மனைவி இருவர், ஏழு நாள், கையில் டஸ்கனி பேக்கேஜ் ஒன்று, அதில் நாளுக்கு மூன்று ஒயின் பண்ணை, மனைவி சைவம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பேக்கேஜில் சேரலாமா, நாமே போகலாமா என்பது உங்கள் சந்தேகம். தாராளமாக நீங்களே போகலாம். ஆனால் இரண்டு விஷயத்தை மாற்றுங்கள். நாளுக்கு மூன்று ஒயின் பண்ணை வேண்டாம். டஸ்கனிக்குப் பதில் எமிலியாவுக்குப் போங்கள், அதாவது மோடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா.

டஸ்கனிக்குப் போய் வந்தவர்கள் கோபிக்க வேண்டாம். கியான்டி மலைச்சரிவும் சைப்ரஸ் மரங்களும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்காகப் போகிறவருக்கு வேண்டியது காட்சி அல்ல, ஒரு பொருள் கண்முன்னே உருவாவது. சீஸ், பால்சமிக் வினிகர், பதப்படுத்திய பன்றித்தொடை, ஒயின் நான்கும் நூறு கிலோமீட்டருக்குள் கிடைக்கிற இடம் எமிலியா. அந்தப் பகுதியின் பெரிய நகரமான பொலோன்யாவிலிருந்து ரயிலில் மோடெனா அரை மணி நேரம், பார்மா ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. மோடெனாவில் நான்கு இரவு, பார்மாவில் இரண்டு இரவு, கடைசி இரவு விமானத்துக்காகப் பொலோன்யா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ்கள் பெரும்பாலும் சொதப்புவது நேரத்தில். காலை பத்து மணிக்கு ஹோட்டலில் ஏற்றி, பதினொன்றுக்குச் சீஸ் ஆலையில் இறக்கிவிடுவார்கள். அதற்குள் வேலை முடிந்து கொப்பரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். கிடங்கில் அடுக்கிய சீஸ் சக்கரங்களைப் பார்த்து, இரண்டு துண்டு தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் ஒரு நாளைக்கு ஒரு முறைதான், காலையில்தான் செய்யப்படும். முந்தைய நாள் மாலைப் பாலை அகலத் தொட்டியில் இரவு முழுக்க விட்டு, மேலே திரண்ட ஆடையை எடுத்துவிட்டு, காலையில் கறந்த முழுப்பாலோடு சேர்ப்பதுதான் அதன் முறை. ஆகவே அந்த நேரத்தை யாராலும் தள்ளிப்போட முடியாது. எட்டு, எட்டரைக்கு நீங்கள் ஆலை வாசலில் நிற்க வேண்டும்.

அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது. மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற செப்புக் கொப்பரைகள், ஒவ்வொன்றிலும் 1,100 லிட்டர் அளவுக்குப் பால். நாம் தயிருக்கு உறை ஊற்றுவது போல, முந்தைய நாள் சீஸில் பிரிந்த தண்ணீரை இதற்கு உறைமோராக ஊற்றுவார்கள். பிறகு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலை உறையவைக்கும் ரெனட்டைச் சேர்ப்பார்கள். பத்து நிமிடத்தில் பால் உறைந்துவிடும். கம்பிகள் வளைந்த பெரிய மத்து ஒன்றால் அதை அரிசி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். இந்தக் கட்டத்தில் சீஸ் மாஸ்டர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் அழுத்தி, விரலால் உதிர்த்துப் பார்ப்பார். சட்டென ஒட்டி, தட்டினால் உதிர வேண்டும். வெப்பமானி பக்கத்திலேயே இருந்தாலும் எப்போது நிறுத்துவது என்பதைக் கைதான் சொல்லும். அந்த இருபது விநாடியைப் பார்க்கத்தான் அதிகாலையில் எழுந்து போகிறீர்கள்.

சூட்டை நிறுத்தியதும் துகள்கள் அடியில் படிந்து ஒரே கட்டியாகும். ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்து மரத்துடுப்பால் அதைக் கிளப்பி, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரம் என்பதால் அவற்றை 'ஜெமெல்லி', அதாவது இரட்டையர், என்கிறார்கள். பிறகு அச்சு, ஏறக்குறைய மூன்று வாரம் உப்புத் தண்ணீர், அப்புறம் மர அலமாரியில் குறைந்தது 12 மாதம். ஒரு சக்கரம் நாற்பது கிலோ இருக்கும், அதற்கு 550 லிட்டர் பால் பிடிக்கும். பன்னிரண்டாம் மாதம் பார்மிஜானோ தயாரிப்பாளர் கூட்டமைப்பின் பரிசோதகர் சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார். உள்ளே விரிசலோ காற்றறையோ இருந்தால் ஓசை மாறிவிடும். தேறியதற்கு மட்டுமே தீமுத்திரை.

ருசி பார்க்கும்போது 12, 24, 36 மாதம் என்று வரிசையாகக் கேளுங்கள். 24க்கு மேல் பல்லில் நறநறக்கும் வெள்ளைப் புள்ளி உப்பு அல்ல, டைரோசின் என்ற அமினோ அமிலப் படிகம். வாங்குவதாக இருந்தால் ஆலையிலேயே வாங்குங்கள், 'சோத்தோவுவோத்தோ' என்றால் காற்று நீக்கிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஓரத்தோலில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் பொறித்திருக்கும், தோலோடு இருக்கும் துண்டாக எடுங்கள். துருவிய பொடி வேண்டாம்.

அடுத்தது வினிகர். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'அச்செத்தோ பால்சமிகோ' என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. 'த்ரதிட்சியோனாலே' (பாரம்பரியமானது), டிஓபி (பிறப்பிடப் பெயருக்கான பாதுகாப்பு முத்திரை) என்று போட்டிருந்தால் காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும்தான், வேறு எதுவும் சேராது. குறைந்தது 12 வருடம் ஊறியது, 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். மோடெனாவில் இதை 100 மில்லி குப்பியில் மட்டுமே அடைக்கலாம். அடி சதுரமாக, மேலே உருண்டையாக இருக்கும் அந்தக் குப்பியை வடிவமைத்தவர் கார் வடிவமைப்பாளர் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ. இன்னொன்று ஐஜிபி, அதைவிடத் தளர்ந்த விதிகள் கொண்ட பகுதி முத்திரை. அது திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, 60 நாள் இருந்தால் போதும், நிறத்துக்குக் கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு. சாலட்டுக்கு அது நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டியான ஐஜிபி குப்பியையும் 'கொந்திமெந்தோ' (மேலே ஊற்றும் சுவையூட்டி) என்ற குப்பியையும் பழையது என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். லேபிளில் 8, 15, 25 என்று எண் மட்டும் பெரிதாக இருந்தால் அது வயது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஓபி முத்திரையும் ஜுஜாரோ குப்பியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்த வினிகர் கூடத்துக்கு 'அச்செத்தாயா' என்று பெயர். வீட்டின் மேல்மாடிப் பரணில் இருக்கும். கோடையில் வெந்து குளிரில் உறைய வேண்டும் என்பதற்காகவே அங்கே வைக்கிறார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் என்று வெவ்வேறு மரத்தில், பெரியதிலிருந்து சிறியதாக ஐந்தாறு பீப்பாய் வரிசை. வருடத்துக்கு ஒரு முறை கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அதற்கு முந்தையதிலிருந்து அதை நிரப்பி, முதல் பெரிய பீப்பாயில் புதுச் சாறு ஊற்றுவார்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் சில லிட்டர்தான் தேறும், விலை அப்படி இருப்பதற்கு அதுதான் காரணம். பீங்கான் கரண்டியில் தருவார்கள், நாக்கின் நடுவில் விட்டு மெல்லப் பரவ விடுங்கள். வீட்டுக்கு வாங்கினால் அடுப்பில் வைக்காதீர்கள். சீஸ் துண்டின் மேல் இரண்டு சொட்டு, ஸ்ட்ராபெரி மேல், வெனிலா ஐஸ்கிரீம் மேல்.

ஆக ஒரு நாளின் வரிசை: எட்டரைக்குச் சீஸ், பதினொன்றுக்கு அச்செத்தாயா, ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்கு ஒரே ஒரு ஒயின் பண்ணை. மதிய உணவு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான், மூன்று மணிக்குப் போனால் கிராமத்தில் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் ஊரே விடுமுறைக்குப் போய்விடும், அந்த மாதத்தைத் தவிருங்கள்.

ஏன் ஒரே ஒரு ஒயின் பண்ணை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு ருசிப்பில் ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு 50 மில்லி என்றால் 250 மில்லி. மோடெனாவுக்குத் தெற்கே கஸ்தெல்வெத்ரோவில் குடிக்கப்போகிற லாம்ப்ருஸ்கோ ஒயின் 11 சதவீதம் அளவில் இருக்கும், அதில் 22 கிராம் ஆல்கஹால் ஆகிறது. 14 சதவீத ஒயின் என்றால் 28 கிராம். இத்தாலியில் வண்டி ஓட்ட ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரை அனுமதி. 70 கிலோ ஆணுக்கு 28 கிராமே வரம்பைத் தாண்டவைக்கும், 55 கிலோ பெண்ணுக்கு 22 கிராமே தாண்டும். உரிமம் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்கு வரம்பு பூஜ்யம். மூன்று பண்ணை என்றால் கணக்கே வேண்டாம். ஓட்டுகிறவர் துப்பும் கலத்தைக் கேட்டு வாங்கலாம், அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. ஒயின் நாளுக்கு மட்டும் ஓட்டுநரோடு கார் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நீங்களே ஓட்டினால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம். பழைய ஊர் நடுவில் சிவப்பு வட்டப் பலகையில் 'ஸோனா ஆ த்ராஃபிகோ லிமிதாதோ' (வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) என்று இருந்தால் உள்ளே போகாதீர்கள். கேமரா எண்ணைப் பிடிக்கும், அபராதம் சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும், கார் வாடகைக்காரர் தனிக் கட்டணமும் எடுப்பார். ஹோட்டல் அதற்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே பதிந்து தரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மனைவிக்கு. எமிலியா சைவத்துக்குக் கடினமான ஊர், ஆனால் முடியாத ஊர் அல்ல. முதலில் அவர் முடிவு செய்ய வேண்டியது சீஸ்: பார்மிஜானோவில் கன்றின் ரெனட் விதிப்படியே கட்டாயம், சைவ மாற்று கிடையாது. அதை ஏற்பவர் என்றால் 'தொர்த்தெல்லி தெர்பெத்தா' (கீரையும் ரிகோத்தா என்ற மென்சீஸும் அடைத்த பாஸ்தா), 'தொர்த்தெல்லி தி ஸுக்கா' (பூசணி) இரண்டும் சாப்பிடலாம். 'தொர்த்தெல்லினி' வேறு, உள்ளே பன்றி இறைச்சி, வெளியே இறைச்சி ரசம். பெயர் ஒன்றுபோலக் கேட்பதால் இங்கேதான் தவறு நேரும். ரொட்டி சைவம் என்று நினைக்க வேண்டாம்: 'ஞோக்கோ ஃப்ரித்தோ' பன்றிக்கொழுப்பில் பொரிப்பது, பியதீனா என்ற தட்டை ரொட்டியின் மாவிலும் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், மோடெனாவில் 'பெஸ்தோ' என்று ரொட்டிக்குள் தடவித் தருவது துளசிச் சட்னி அல்ல, பூண்டும் ரோஸ்மேரியும் அரைத்த பன்றிக்கொழுப்பு. காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்: 'சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே, சென்ஸா ஸ்த்ருத்தோ'. இறைச்சி, இறைச்சி ரசம், பன்றிக்கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று பொருள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் ரசமும் கொழுப்பும் கணக்கில் வராமல் போகலாம்.

பேச்சு இங்கே வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் ஹோட்டல் மெனுக்களில் 'ஸ்பெகட்டி போலோனீஸ்' என்று ஒன்று இருக்கிறது. பொலோன்யாவில் அந்த இறைச்சிக் குழம்பு தால்யதெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவோடுதான் வரும். வெந்த தால்யதெல்லே 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972ல் பொலோன்யா வணிகச் சபையில் தங்கத்தில் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், குழம்பின் செய்முறையை 1982ல் பதிவு செய்தார்கள். அகலமான, முட்டை சேர்த்த, சொரசொரப்பான பட்டையில்தான் குழம்பு ஒட்டும். வழுக்கும் ஸ்பெகட்டியில் அது தட்டின் அடியில் தங்கிவிடும். ஒரு ஊரின் பெயரை வைத்து விற்கும்போது அந்த ஊர் சொல்வதைக் கேட்கலாமே.

பார்மாவில் இருக்கும் இரண்டு நாளில் லாங்கிரானோவுக்குப் போங்கள், பன்றித்தொடை அங்கேதான் குறைந்தது 14 மாதம் தொங்குகிறது. குதிரை எலும்பு ஊசியை ஐந்து இடத்தில் குத்தி முகர்ந்து பார்ப்பார்கள். அந்த எலும்பு மணத்தைச் சட்டென வாங்கிச் சட்டென விடும், அதனால்தான் இரும்பு ஊசி உதவாது.

இல்லை, எனக்கு ஒயின்தான் முக்கியம் என்றால் பார்மாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் ஆல்பா என்ற ஊர். பரோலோ, பர்பரெஸ்கோ என்ற ஒயின்கள் அந்தப் பக்கம்தான். அதற்கு மூன்று நாளாவது தனியாக வேண்டும், ஏழு நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். வாங்கும் ஒயினில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை இந்தியச் சுங்கத்தில் வரியின்றி விடுவார்கள். பன்றித்தொடையைக் கொண்டுவர வேண்டாம், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

டிக்கெட் போட்டதும் முதல் வேலையாகச் சீஸ் ஆலைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பார்மிஜானோ கூட்டமைப்பின் இணையதளத்திலேயே பார்வையாளரை அனுமதிக்கும் ஆலைகளின் பட்டியல் இருக்கிறது. தேதி, இரண்டு பேர், ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டும், இவற்றோடு 'கொப்பரையில் வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு வரலாம்' என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். அவர்கள் சொல்லும் மணியை வைத்து மற்ற எல்லாவற்றையும் அடுக்குங்கள்.