சலூன் படிகாரத்தின் உறவுக்காரன்: காந்தக் குளிரூட்டல் கேள்வி பதில்

கேள்வி: காந்தத்தை வைத்து எப்படிக் குளிரூட்டுவது? கேஸ், கம்ப்ரஸர் எதுவும் வேண்டாமா?

பதில்: ஆரம்பக் குளிருக்கு வேண்டும். திரவ ஹீலியத்தால் ஓர் உப்பை 1 கெல்வின் (சுமார் மைனஸ் 272 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் காந்தப் புலத்தைச் செலுத்துவார்கள். உள்ளே கண்டபடி திரும்பிக் கிடந்த குட்டிக் காந்தங்கள், அதாவது காந்த அணுக்கள், ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அப்போது வெளியாகும் வெப்பத்தை ஹீலியம் வாங்கிக்கொள்ளும். பிறகு ஹீலியத்தோடு வெப்பத் தொடர்பை அறுத்துவிட்டு, புலத்தை மெல்லக் குறைக்க வேண்டும். குட்டிக் காந்தங்கள் மறுபடி கலையும். அதற்கான வெப்பத்தை அந்த உப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1933-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜியோக், மெக்டூகல் என்ற விஞ்ஞானிகள் கடோலினியம் என்ற உலோகத்தின் உப்பான கடோலினியம் சல்பேட்டை வைத்து 0.25 கெல்வினைத் தொட்டார்கள்.

கேள்வி: கடோலினியம் உலோகத்தையே போட்டால் என்ன? அதில்தான் காந்த அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றனவே?

பதில்: அந்த நெருக்கம்தான் தொல்லை. உலோகத்தில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே தாமாக ஒழுங்காகிவிடும். ஏற்கெனவே வரிசையில் நிற்பவனை வரிசைக்கு வா என்று கூப்பிட்டு என்ன பயன்?

நமக்கு வேண்டியது ஒதுங்கி நிற்கும் அயனி (மின்னூட்டம் பெற்ற அணு). குரோம் பொட்டாசியம் படிகாரத்தைப் பாருங்கள். சலூனில் ஷேவ் முடிந்ததும் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரத்தில் அலுமினியம் இருக்கும் இடத்தில் இங்கே குரோமியம். அடர் ஊதா நிறம். ஒவ்வொரு குரோமிய அயனியையும் 6 நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அடுத்ததைக் கிட்டே விடுவதில்லை. 2023-ல் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளில் எக்ஸ் கதிர் உணரியை 50 மில்லிகெல்வினில் வைத்திருப்பது இந்த உப்புதான்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் இந்தக் குளிரூட்டும் உப்பை அடைத்துவைத்த பழைய குப்பி முன்புபோல் குளிர்வதில்லை. திறந்து பார்த்தால் படிகம் மங்கி, பொடி உதிர்கிறது.

பதில்: தண்ணீர் போய்விட்டது. அறை வெப்பநிலையில் வெற்றிட பம்ப்பை ஓடவிட்டால், கசிவுள்ள குப்பியிலிருந்து அந்த 6 காவலாளிகளும் கிளம்பிவிடுவார்கள். நானும் இப்படி ஒரு குப்பியை இழந்திருக்கிறேன். மூடியைப் பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை; அது தெரிய ஒரு மாதம் ஆனது. ஹீலியம் கசிவுச் சோதனை செய்யுங்கள். உப்பைப் புதிதாகக் கரைத்துப் படிகம் வளர்ப்பதுதான் வழி. உங்களுடையது இதே வேலைக்குப் பயன்படும் இரும்பு அம்மோனியம் படிகாரம் என்றால், வெப்பம் கடத்த உள்ளே செம்புக் கம்பி வேண்டாம், அரித்துவிடும். தங்கக் கம்பி போடுங்கள். செலவுதான், என்ன செய்ய!

கேள்வி: தண்ணீரே இல்லாத பொருள் கிடையாதா?

பதில்: கடோலினியம் காலியம் கார்னெட் இருக்கிறது. உறுதியான படிகம், காய்ந்துபோகும் பயம் இல்லை. ஆனால் அயனிகள் நெருங்கி இருப்பதால் 1 கெல்வினுக்குச் சற்றுக் கீழேயே அதன் வேலை முடிந்துவிடும். இன்னும் கீழே போக உப்பை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய முதல் கட்டத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எம்ஆர்ஐ மெஷினிலும் காந்தப் பொருள்தான் குளிரூட்டுகிறது என்கிறாரே நண்பர்?

பதில்: பாதி சரி. அங்கே குளிரூட்டுவது ஹீலியம் வாயு. அது போய்வரும் வழியில் வெப்பத்தை வாங்கிவைத்துத் திருப்பித் தர ஒரு பொருள் வேண்டும். முன்பு ஈயக் குண்டுகள் போட்டார்கள். 10 கெல்வினுக்குக் கீழே ஈயத்தால் வெப்பத்தைப் பிடித்துவைக்க முடியாது. இப்போது போடும் ஹோல்மியம் (ஓர் அரிய உலோகம்) செம்புக் கலவைக்கு அந்த வெப்பநிலையை ஒட்டித்தான் காந்த நிலை மாற்றம் நடக்கிறது, அதனால் வெப்பக் கொள்ளளவு எகிறும். இங்கே புலத்தை ஏற்றி இறக்கும் வேலையே இல்லை.