தண்ணீர் மாற்றியதும் ஹயலெல்லா சாவது ஏன்?

கேள்வி: மீன்களுக்கு உயிருணவாக ஹயலெல்லா அஸ்டெகா என்ற, இறாலைப் போல ஓடுள்ள சின்ன நீர்வாழ் உயிரியை வளர்க்கிறேன். முதலில் சுறுசுறுப்பாக இருந்தவை, தண்ணீர் மாற்றிய மறுநாளே கொத்தாகச் செத்துவிட்டன. எங்கே தப்பு?

பதில்: தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஒரு நாள் காற்று பம்பு ஓடினால் போய்விடும். சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்து உண்டாக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்கென உள்ள நீக்கி மருந்து தேவை. செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றிய தொட்டியின் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது. அறையில் கொசு மருந்து அடிப்பதும் ஆபத்து. பைபென்த்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே இவற்றைக் கொன்றுவிடும். நச்சு ஆய்வகங்கள் இந்த உயிரியைத் தேடி வளர்ப்பதே அதனால்தான்.

மழைநீர், ஆர்.ஓ. நீர் மட்டும் ஊற்றினாலும் நிலைக்காது. தோலுரித்தபின் புது ஓடு இறுகக் கால்சியம் வேண்டும். கடினத்தன்மை லிட்டருக்கு 80-100 மில்லிகிராம், பி.எச். 7.5-8, வெப்பம் 23-25 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கால்பங்குக்கு மேல் மாற்ற வேண்டாம்.

வட, மத்திய அமெரிக்க ஏரி குளங்களில் பாசி, நீர்ச்செடி, மக்கும் இலை இவற்றைப் பற்றிக்கொண்டு வாழும் பூச்சியளவு ஓட்டுடலி இது. முழு வளர்ச்சியே 3 முதல் 8 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் பிடிக்காது. வெறும் கண்ணாடித் தொட்டியில் பிடிமானமின்றி நீந்தியே களைத்துவிடும். மருந்துக்கடைக் காஸ் துணியை ஒரு நாள் ஊறவைத்துப் போடுங்கள். கூடவே பழுப்பு நிறம் இறங்கும்வரை ஊறிய சருகு கொஞ்சம். இலைமேல் படியும் வழவழப்பான படலம்தான் முக்கிய உணவு. மீன் தீனித்தூள் ஒரு சிட்டிகை போதும். மிஞ்சியது அழுகினால் ஆக்சிஜன் போய்விடும்.

ஆண் பெண்ணை முதுகுப்பக்கமாகப் பிடித்தபடி நாள்கணக்கில் திரியும். சண்டை என்று நினைத்துப் பிரிக்காதீர்கள். முட்டைகள் பெண்ணின் வயிற்றடிப் பையிலேயே பொரிந்து, உருவத்தில் பெரியவற்றைப் போன்ற குட்டிகளே வெளிவரும். நெரிசல் கூடினால் பெரியவை குட்டிகளைத் தின்னும். துணியை உதறி, தேநீர் வடிகட்டியால் பெரியவற்றைப் பிரித்தெடுங்கள். சில குட்டிகள் நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதக்கும். மேலே ஒரு சொட்டு நீர் விட்டால் இறங்கிவிடும்.

குளத்தில் பிடித்தவற்றை அப்படியே மீனுக்குப் போடாதீர்கள். உடலுக்குள் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தாலோ, வெளிச்சத்தை நோக்கி வந்தாலோ முள்தலைப் புழு என்ற ஒட்டுண்ணி தொற்றியிருக்கலாம். வளர்ந்த பிறகு அந்தப் புழுக்களில் சில குடியேறுவது மீனின் குடலில்தான்.