அந்த வேடத்துக்கு அவரா?

கேள்வி: சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பப் படித்த ஒரு சரித்திர நாவல் இப்போது படமாகிறது. பதினெட்டு வயது இளவரசியாக நடிப்பவர், நாற்பதைத் தாண்டிய ஒரு நடிகை. எங்கள் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் புதுப்பட அரட்டைதான். ஃபர்ஸ்ட் லுக் வந்த அன்று நானும் ஆதங்கத்தைக் கொட்டினேன். ‘கிராஃபிக்ஸில் சுருக்கத்தை அழிக்கலாம், கிழவியை அழிக்க முடியுமா?’ என்று ஒரு வரி போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நெருங்கிய தோழி ஒருத்தி மட்டும் ‘படம் வரட்டும், அப்புறம் பேசு’ என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே விலகிவிட்டாள். அந்த நடிகையின் தீவிர ரசிகை அவள். ஒரு நடிகைக்காக இருபது வருட நட்பை முறிப்பார்களா? படம் பார்க்காமல் ‘இவர் பொருந்த மாட்டார்’ என்று சொல்லவே கூடாதா?
- ஒரு வாசகி

பதில்: சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். யார் யாராக நடிக்கிறார்கள் என்று படம் வரும் முன்பே வாய் ஓயாமல் பேசுவதில்தான் ரசிகர்களுக்குப் பாதி சந்தோஷம். ‘பார்த்துவிட்டுப் பேசு’ என்று அதட்டுபவர்கள், பார்க்காமலே புகழ்கிறவர்களை ஒன்றும் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் நாவல் படமாகும்போது ஒரு சிக்கல் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது கூடவே மணியத்தின் ஓவியங்களும் வந்தன. குந்தவை என்றதும் பலருக்கும் மனதில் எழும் முகத்தில் கல்கி எழுதியது பாதி, மணியம் வரைந்தது பாதி. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது நடிகர்கள் போட்டியிட வேண்டியிருந்தது அந்த ஓவியங்களோடும்தான். ஓவியத்தோடு மோதி எந்த நடிகர் ஜெயிக்க முடியும்? அதற்கு வயதாகாது, கால்ஷீட் பிரச்சினையும் கிடையாது. உங்கள் இளவரசிக்கும் மனதில் ஒரு முகம் இருக்கும். யார் நடித்தாலும் அந்த முகம் இடிக்கத்தான் செய்யும்.

ரசிகர்களின் முன்தீர்ப்பு பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. 1989-இல் வந்த ‘பேட்மேன்’ படத்துக்கு, அதுவரை நகைச்சுவைக்குப் பேர்போன மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது. இன்றும் அந்த வேடத்துக்கு அவர்தான் என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ (1994) கதை இன்னும் சுவாரசியமானது. டாம் குரூஸ் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சண்டை போட்டவர், அந்தப் பாத்திரத்தைப் படைத்த நாவலாசிரியை ஆன் ரைஸ். படத்தைப் பார்த்த பிறகு அதே அளவு பகிரங்கமாகப் பாராட்டினார். எழுதியவருக்கே தப்பியது! மறுபக்கம், 1956-இல் ‘தி காங்கரர்’ படத்தில் ஜான் வேய்ன் செங்கிஸ்கானாக வந்தார். கௌபாய் வேடங்களால் புகழ்பெற்ற அமெரிக்கர், மங்கோலியப் பேரரசராக. அதைத் தவறு என்று சொல்ல யாரும் தியேட்டர் வரை போயிருக்க வேண்டியதில்லை.

ஆகவே எதிர்ப்பதா வேண்டாமா என்பதை விட, என்ன காரணம் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். உங்கள் காரணம் நியாயமானதுதான். பதினெட்டு வயதில் விவரம் தெரியாமல் எடுக்கும் முடிவுகள், நாற்பது வயது முகத்தில் வேறு அர்த்தம் தரும். திரைக்கதையில் வயதை மாற்றியிருந்தால் உங்கள் வாதம் நிற்காது, மாற்றவில்லை என்றால் நிற்கும். இதை நீங்கள் குழுவில் எழுதியிருந்தால் நல்ல விவாதம் நடந்திருக்கும். (போகிற போக்கில் ஒன்று: கதாநாயகனாக நடிப்பவரின் வயது என்ன என்று உங்கள் கடிதத்தில் காணோம்.)

நீங்கள் எழுதியதோ ‘கிழவி’ என்று. அதில் இளவரசியும் இல்லை, நாவலும் இல்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் முகம் மட்டும்தான் இருக்கிறது. கல்லூரியில் தொடங்கி இருபது வருடம் ஆன நட்பு என்றால், உங்கள் தோழிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதானே? உங்களுக்கும்தான். மற்றவர்கள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்தச் சிரிப்பையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு நடிகைக்காகக் கோபித்துக்கொண்டார் என்பது நீங்களாகச் செய்துகொண்ட முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அவரையே கேளுங்கள்.

குழுவில் கேட்காதீர்கள். தனியாக, முடிந்தால் போனில். ‘விளையாட்டுக்குத்தானே சொன்னேன்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘அந்த வேடத்துக்கு அவர் பொருந்த மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கிழவி என்று எழுதியது தப்பு’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கருத்தை மாற்றிக்கொண்டதாக நடிக்க வேண்டாம். இருபது வருடம் பழகியவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அப்புறம் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அந்த வரியைக் குழுவிலிருந்து நீக்க முடியாத அளவுக்கு நாளாகியிருந்தால், மற்ற தோழிகளிடமும் ஒரு வரியில் ‘அன்று அப்படி எழுதியிருக்கக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். யார் விலகியதற்காக என்று விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

குழுவுக்குத் திரும்பி வரச் சொல்லி நச்சரிக்காதீர்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போகும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அவர் மனம் ஆறுவதற்குள் படம் ஓடிடிக்கே வந்துவிட்டாலும் பரவாயில்லை.