நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் நேரடியாக வேலை கேட்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சில் பதிவும் வாங்கிவிட்டேன். பல தனியார் மருத்துவமனைகளுக்கு இணையத்தில் விண்ணப்பித்தும் பதில் இல்லை. நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் நேரடியாகப் பேசினால் தப்பாக நினைப்பார்களா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் பேசுங்கள். மருத்துவமனையின் செவிலியர்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அவர்தான். எந்த வார்டில் ஆள் குறையப்போகிறது என்பது பெரும்பாலும் ஹெச்.ஆருக்கு முன்பே சூப்பரின்டென்டென்டுக்குத் தெரிந்துவிடும். ஒரு சிஸ்டர் வெளிநாட்டு வேலைக்காக நோட்டீஸ் கொடுத்திருப்பார், இன்னொருவர் பிரசவ விடுப்பில் போவார். அடுத்த மாத டியூட்டி ரோஸ்டரை எப்படி நிரப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பெயர் கண்ணில் பட்டால், அது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் உதவிதான்.

ஆனால் "வேகன்சி இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். 'இல்லை' என்று சொல்வது அவருக்குச் சுலபமாகிவிடும். அவர் முடிவெடுக்கத் தேவையானதை நான்கைந்து வரியில் நீங்களே கொடுத்துவிடுங்கள்:

"வணக்கம் மேடம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். கடைசி ஆண்டில் ஐ.சி.யு.விலும் மகப்பேறு வார்டிலும் போஸ்டிங் பார்த்தேன். நைட் டியூட்டி பார்ப்பேன், ஹாஸ்டலில் தங்கவும் தயார். அடுத்த வாரமே சேர முடியும். பயோடேட்டா அனுப்பி வைக்கிறேன்."

உங்கள் விவரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பதிவு எண்ணை பயோடேட்டாவின் மேல் பக்கத்திலேயே போடுங்கள். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காக்கும் முதலுதவி) பயிற்சிச் சான்று இருந்தால் அதையும் எழுதுங்கள். பார்க்காத வார்டைப் பார்த்ததாக மட்டும் எழுத வேண்டாம். நேர்காணலில் அந்த வார்டின் மருந்து டிராலியில் என்னென்ன இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து, நர்சிங் ஆபீஸுக்கு இணைப்புக் கேளுங்கள். காலை ரவுண்ட்ஸ் நேரமும் ஷிப்ட் மாறும் நேரமும் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு மேல் பேச அவகாசம் இருக்கும். யாரிடமோ அவருடைய சொந்த நம்பரை வாங்கி இரவில் வாட்ஸ்அப் அனுப்பினால், முதல் அறிமுகமே எரிச்சலில் போய் முடியும். உங்கள் சீனியர் யாராவது அங்கே வேலை பார்த்தால் முதலில் அவரைக் கேளுங்கள். எந்த வார்டில் ஆள் தேவை என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் விசாரித்துச் சொல்லிவிடுவார்.

ஹெச்.ஆரை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே போட்ட விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும், சூப்பரின்டென்டென்டிடமும் அதைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த மருத்துவமனையைப் பாருங்கள்.

வேலை கிடைத்தால் சம்பளம், தகுதிகாண் காலம், ஷிப்ட் நேரம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "இங்கேயே இருக்கட்டும்" என்றால் சம்மதிக்காதீர்கள். வேறு இடத்துக்கு மாற நினைக்கும்போது அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அரசு வேலைக்கு இந்த வழி பொருந்தாது. எம்.ஆர்.பி. (தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியான செவிலியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வரும், எழுத்துத் தேர்வு நடக்கும். அங்கே ஆள் பிடித்து வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.