காந்தள் என்று பெயர் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

தாவரவியல் படித்தவள் நான். அடுத்த மாதம் பிரசவம். பெண் பிறந்தால் செங்காந்தளின் தாவரவியல் பெயரான குளோரியோசா சூபர்பாவிலிருந்து 'குளோரியோசா' என்று வைக்க ஆசை. கணவர் 'காந்தள்' போதும் என்கிறார். மாமியாரோ, "கண்வலிக்கிழங்கையா பிள்ளைக்குப் பேரா வைப்பீங்க? அது விஷமாச்சே!" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள ர.,

என் ஓட்டு உங்கள் கணவருக்கு.

குளோரியோசா என்றால் புகழ் மிக்கது, பொருளில் குறையில்லை. ஆனால் வீட்டில் அது ஒரே வாரத்தில் 'குளோரி' ஆகிவிடும். போதாததற்கு, தாவரவியல் பெயர்கள் மாறக்கூடியவை. நம் கருவேலமரம் நெடுங்காலம் அகேசியாவாக இருந்தது, இப்போது வாச்செல்லியா. மரத்துக்குப் பரவாயில்லை, அதற்கு ஆதார் அட்டை கிடையாது.

மாமியார் சொல்வது உண்மைதான். செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம். தின்று இறந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த விஷத்தின் பெயர் கொல்சிசின். அளவாகக் கொடுத்தால் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு அதுவே மருந்து. உங்கள் ஊர்ப் பக்கம் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு வளர்ப்பது அந்த மருந்து எடுக்கும் விதைக்காகத்தானே? விதை விற்ற பணம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், அதை மெல்ல நினைவுபடுத்துங்கள். அப்புறம், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை வரிசையாக அடுக்குகிறாரே, அதில் முதலில் நிற்பது 'ஒண்செங் காந்தள்'. பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் ஓயாமல் சொன்ன உவமையும் இந்தப் பூதான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். இதற்கு மேல் ஒரு பூவுக்கு என்ன சிபாரிசு வேண்டும்?

எனக்குள்ள கவலை வேறு. பிறப்புச் சான்றிதழில் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரே ஒரு 'ஏ' போட்டீர்கள் என்றால், வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியர் 'கந்தல்' என்று கூப்பிடுவார். பிள்ளைகள் அதை விடவே மாட்டார்கள். 'ஏ' இரண்டு போடுங்கள். கடைசி 'ள்'ளை ஆங்கிலத்தில் காப்பாற்ற வழியில்லை. அதை நீங்கள் வீட்டில் வாய் நிறையக் கூப்பிட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.

பையன் பிறந்தால் வாகை இருக்கிறது. அதற்கு உங்கள் மாமியாரும் மறுப்புச் சொல்லமாட்டார்.